ஒரு பிடி சோறும் ஒன்பது சண்டையும்

காலையில் சோறு வடித்ததும் முதல் பிடி கொல்லைக்குப் போக வேண்டும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு இது பாட்டி காலத்து வழக்கம். கிணற்றடியை ஒட்டிய துவைக்கிற கல்தான் காக்கைகளுக்கு இலை. பாட்டிக்குப் பிறகு அம்மா வைத்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு அந்த வேலை என்னுடையதாயிற்று.

சோற்றை வைத்துவிட்டு நான் நிலைப்படிக்குத் திரும்புவதற்குள் முருங்கைக் கிளையில் ஊர்க்காக்கைகள் இரண்டு வந்துவிடும். ஒன்று இறங்கி ஒரு வாய் எடுக்கும். தென்னையிலிருந்து கனத்த குரலோடு அண்டங்காக்கை இறங்கும். ஊர்க்காக்கை பக்கவாட்டில் தத்தி விலகும். கைப்பிடிச் சுவரில் மைனா ஜோடி தலையை ஆட்டி ஆட்டிக் கத்தும். வாழையடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் ஏழெட்டும் ஒரே கூச்சலாக ஓடிவரும். கொடிக்கயிற்றில் கரிச்சான். கல்லின் மறுபக்கம் வாலைச் சிலிர்த்துக்கொண்டு அணில். ஐந்து நிமிடத்துக்குக் கொல்லை சந்தைக்கடையாகிவிடும்.

சண்டைக்காரக் கூட்டம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். ஒரு ஐப்பசியில் கால் சுளுக்கி வீட்டோடு கிடந்தபோது, தினமும் காலையில் நிலைப்படியில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது. கத்தல் நிறைய, முறைப்பு நிறைய, சிறகு விரிப்பு நிறைய. ஆனால் ஒன்றின் அலகு இன்னொன்றின் உடம்பில் பட்டது மிக அரிது. அண்டங்காக்கை கல்லில் கால் வைப்பதற்கு முன்பே ஊர்க்காக்கை எழுந்துவிடுகிறது. ஊர்க்காக்கை ஒரு அடி எடுத்து வைத்தாலே மைனா நகர்ந்துவிடுகிறது. சண்டை என்று நான் நினைத்ததில் பெரும்பகுதி, சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. பறவைகளின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் நூறு வருடமாக இந்த ஏற்பாட்டைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது.

அதைத் தொடங்கிவைத்தவர் நார்வே நாட்டின் தோர்லைஃப் ஷெல்டரூப்-எப்பே. சிறு பிள்ளையாக இருந்தபோதே கோழிகளை வேடிக்கை பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று குறிப்பெழுதத் தொடங்கியவர். 1922-ல் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான் ‘கொத்து வரிசை’ என்ற கருத்து உலகத்துக்குக் கிடைத்தது. ஒரே பட்டியில் அடையும் கோழிகளில் முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். இரண்டாவது, முதல் கோழியைத் தவிர மற்றதையெல்லாம். கடைசிக் கோழிக்குக் கொத்த யாருமில்லை. புதிய கோழிகளைச் சேர்த்துவிட்ட முதல் சில நாட்களுக்கு ரத்தக்களறி. வரிசை முடிவானதும் அமைதி. அதற்கப்புறம் ஒரு பார்வையே போதும். தோற்றது யாரிடம் தோற்றோம் என்று நினைவில் வைத்திருக்கிறது. கோழிக்கு ஞாபகசக்தி இல்லை என்பவர்கள் ஒரு வாரம் பட்டியருகே உட்கார்ந்து பார்க்கட்டும்.

அவர் கண்ட இன்னொன்று எனக்கு அதைவிடப் பிடிக்கும். வரிசை எப்போதும் நேர்க்கோடாக இருப்பதில்லை. முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், அந்த மூன்றாவது போய் முதல் கோழியைக் கொத்தும். அப்படிப்பட்ட முக்கோணங்களையும் அவர் குறித்துவைத்தார்.

இது ஒரே இனத்துக்குள் நடப்பது. துவைக்கிற கல்லில் ஐந்தாறு இனங்கள் ஒன்றாகக் கூடுகின்றன. அங்கே யார் பெரியவர்? இதற்கு விடை தேடியது வட அமெரிக்காவில், வீட்டுத் தோட்டத்தில் தீனித்தட்டு வைத்திருக்கும் சாதாரண மக்களின் உதவியோடு. கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ‘ஃபீடர்வாட்ச்’ திட்டத்தில் குளிர்காலம்தோறும் பல்லாயிரம் பேர் தங்கள் தட்டுக்கு வரும் பறவைகளை எண்ணிக் கொடுக்கிறார்கள். எது எதை விரட்டியது என்பதையும் குறித்துக் கொடுங்கள் என்று அவர்களைக் கேட்டார்கள். அப்படிச் சேர்ந்த 7,600-க்கும் மேற்பட்ட மோதல்களை, 136 இனங்களை ஒரே ஏணியில் அடுக்கும்படி கணக்கிட்டு, 2017-ல் வெளியிட்டார்கள்.

எதிர்பார்த்ததுதான் வந்தது: எடை கூடியது ஜெயிக்கும். கொல்லையிலும் அப்படித்தான். ஊர்க்காக்கை சுமார் 300 கிராம். மைனா 110. தவிட்டுக்குருவி அதில் பாதிக்குச் சற்று மேல். ஏணி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் எடைக்கு அடங்காத இனங்கள் இருந்தன. மரங்கொத்திகள் தங்கள் எடைக்கு மீறிய இடத்தில் இருந்தன. மரத்தைத் துளைக்கும் அலகோடும், அதைத் தாங்கும் கழுத்தோடும் யார் மல்லுக்கு நிற்பது? புறாக்கள் நேர்மாறு, உடம்பு இருந்தும் வழிவிட்டு ஒதுங்கின. எங்கள் கொல்லைக்கு வரும் புள்ளிப்புறாவும் அப்படியே. மைனாவுக்கு எடையில் இளைத்ததில்லை. ஆனாலும் மைனா போன பிறகுதான் இறங்கி, சிந்திக் கிடப்பதைப் பொறுக்கும். ஷெல்டரூப்-எப்பேயின் முக்கோணமும் அந்த அமெரிக்கக் கணக்கில் தலைகாட்டியது. ஐரோப்பாவிலிருந்து போன சோளக்குருவி ஒன்று செந்தலை மரங்கொத்தியை விரட்டும். செந்தலை மரங்கொத்தி அதன் உறவான செவ்வயிற்று மரங்கொத்தியை விரட்டும். செவ்வயிற்று மரங்கொத்தி சோளக்குருவியை விரட்டும்.

எங்கள் கொல்லையில் எடைக்கு அடங்காதது கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். ஐம்பது கிராம் இருந்தால் அதிகம். அதற்குச் சோறு வேண்டாம். சோற்றுக்கு வரும் ஈயும், காக்கையின் காலடியில் கிளம்பும் பூச்சியும்தான் வேண்டும். பங்குனி, சித்திரையில் வேப்பமரத்தில் கூடு வைத்துவிட்டால், மரத்தருகே பறக்கும் காக்கையின் முதுகின் மேலேயே பாய்ந்து பாய்ந்து தெரு முனைவரை துரத்திவிட்டு வரும். பருந்தையும் விடாது. கரிச்சான் கூடு இருக்கும் மரத்தில் புறாவும் கொண்டைக்குருவியும் கூடு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் இப்படியொரு காவலாளி இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆப்பிரிக்காவின் கலஹாரி வறள்நிலத்தில் வாழும் இதன் பங்காளி வேறொரு வழி வைத்திருக்கிறது. சிலம்பன்களும் கீரிக் கூட்டங்களும் இரை தோண்டும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வல்லூறு வந்ததுபோலப் பொய்யாக எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். அவை இரையைப் போட்டுவிட்டு ஓடியதும் இது இறங்கி எடுத்துக்கொள்ளும். ஒரே பொய் பலிக்காமல் போனால் குரலை மாற்றி, வேறொரு பறவையின் எச்சரிக்கையைச் சொல்லும். டாம் ஃப்ளவர் என்ற ஆய்வாளர் இவற்றின் பின்னாலேயே நடந்து கணக்கெடுத்தார். அவற்றின் ஒரு நாள் இரையில் கால் பங்குக்குச் சற்றே குறைவானது இப்படிப் பறித்ததுதான்.

பலசாலி ஏன் எப்போதும் அடித்துப் பறிப்பதில்லை? உயிரினங்கள் தங்கள் இனத்தின் நன்மைக்காக அடக்கி வாசிக்கின்றன என்றுதான் முன்பு சொல்லிவந்தார்கள். 1973-ல் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை அந்த விளக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: அடிபட்டால் ஆகும் நஷ்டம் எவ்வளவு, ஜெயித்தால் கிடைக்கும் லாபம் எவ்வளவு? எல்லோரும் விட்டுக்கொடுக்கும் கூட்டத்தில் ஒரு முரடன் நுழைந்தால் அவனுக்கு எல்லாம் கிடைக்கும்; அவன் வம்சம் பெருகும். முரடர்களே நிறைந்துவிட்டால் அவர்கள் ஒருவரை ஒருவர் அடித்து முடமாக்கிக்கொள்வார்கள். அப்போது, ஒதுங்கிப் போகிறவன் பட்டினி கிடந்தாலும் முழு உடம்போடு இருப்பான். அவன் வம்சம் பெருகும். இரண்டும் ஒரு அளவில் கலந்து நிற்கும். யாரும் இனத்தின் நன்மையை நினைக்கத் தேவையில்லை. காயத்தின் விலை பரிசின் விலையைத் தாண்டும் இடத்தில் வாய்ச்சண்டையே லாபம்.

பறவைக்குக் காயம் என்பது சின்ன விஷயமில்லை. கண்ணில் ஒரு கொத்து விழுந்தாலோ, சிறகு எலும்பு ஒன்று முறிந்தாலோ வாழ்க்கை முடிந்தது. ஒரு வாய் சோற்றுக்கு அந்த விலை கொடுக்க எந்த மைனாவும் தயாரில்லை.

பரிசு பெரிதானால் கதை மாறும். அதை ஒரு சித்திரை மாதத்தில் மிக அருகில் பார்த்தேன். கிணற்றடிச் சுவரில், பழைய குழாயைப் பிடுங்கிய இடத்தில் ஒரு பொந்து. அதற்கு இரண்டு மைனா ஜோடிகள் போட்டி. மூன்று நாள் கத்தலிலேயே போனது. நான்காம் நாள் காலையில் இரண்டு மைனாக்கள் கால்விரல்களைக் கோத்துக்கொண்டு தரையில் விழுந்தன. ஒன்று மல்லாந்து கிடக்க, மற்றது அதன் மேலேறி நெற்றியிலேயே கொத்தியது. மஞ்சள் கால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருந்தன. நான் இரண்டடி தூரத்தில் நிற்பதைக்கூட அவை பொருட்படுத்தவில்லை. பூனை வந்திருந்தால் இரண்டையும் ஒரே வாயில் கவ்வியிருக்கும். சுவரில் நான்கைந்து மைனாக்கள் நின்று கத்திக்கொண்டிருந்தன. ஜெயித்த ஜோடி அந்தப் பொந்தில் குஞ்சு பொரித்தது. தினமும் ஒரே கல்லில் சோறு தின்று, முறைத்துக்கொண்டு, விலகிக்கொண்டிருந்த பறவைகள்தான் அவை. சோறு நாளையும் வரும். பொந்து ஒன்றுதான் இருக்கிறது.

யார் பலசாலி என்று பார்த்தவுடன் தெரிந்தால் இன்னும் செலவு மிச்சம். அமெரிக்காவின் ஹாரிஸ் குருவிகள் குளிர்காலத்தில் பெருங்கூட்டமாகத் திரியும். அவற்றின் தொண்டையில் உள்ள கறுப்பு ஆளுக்கு ஆள் மாறும்; கறுப்பு கூடக்கூட மரியாதையும் கூடும். சீவர்ட் ரோவர் என்ற ஆய்வாளர் 1970-களில் வெளிர்தொண்டைக் குருவிகளுக்குக் கறுப்புச் சாயம் பூசிக் கூட்டத்தில் விட்டார். மரியாதை கிடைக்கவில்லை. உண்மையான கறுப்புத் தொண்டைக்காரர்கள் அவற்றை விடாமல் துரத்தி அடித்தார்கள். சாயம் பூசாமல் ஆண்மைச் சுரப்பை மட்டும் உடம்பில் ஏற்றிய குருவிகள் வீறாப்பாக நடந்துகொண்டன, மற்றவை மதிக்கவில்லை. சாயமும் சுரப்பும் சேர்ந்தவைதான் மேலே ஏறின. தோற்றமும் நடத்தையும் ஒத்துப்போனால்தான் பட்டம் செல்லும்.

நம் வீட்டுச் சிட்டுக்குருவி ஆணின் கழுத்துக் கறுப்பும் இதே மாதிரிப் பட்டயம்தான் என்று பாடநூல்கள் முப்பது வருடம் எழுதிவந்தன. இங்கிலாந்தின் லண்டி தீவுக் குருவிகள் உள்ளிட்ட பல கூட்டங்களின் தரவுகளை ஒன்றாகத் திரட்டி 2018-ல் வெளியான ஆய்வு, அந்தத் தொடர்புக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று காட்டியது. தொடர்பு உண்டு என்று கண்ட ஆய்வுகளே அதிகம் அச்சேறியதும் இந்த நம்பிக்கை நிலைத்ததற்கு ஒரு காரணம். அறிவியலில் நான் மிகவும் மதிப்பது இந்த நேர்மையைத்தான். பாடநூலுக்குள் போய்விட்டது என்பதால் ஒரு கருத்து கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடுவதில்லை.

காக்கைக்கு வருவோம். காக்கை இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் என்பதை வள்ளுவரே குறளில் சொல்லியிருக்கிறார். கையிலுள்ள சோற்றை ஊரைக் கூட்டிப் பங்கு வைப்பது ஏன்? காக்கைக் குடும்பத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றான ரேவனைப் பற்றி இதே கேள்வி பெர்ண்ட் ஹைன்ரிச்சுக்கு 1980-களில் வந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் காட்டில், உறைபனியில், செத்த விலங்குகளை இழுத்துப் போட்டுவிட்டுக் குளிரில் காத்துக் கிடந்தார். பல குளிர்காலம் கழித்து விடை கிடைத்தது. அந்தக் காட்டில் ஒவ்வொரு பகுதியும் ஒரு மூத்த ஜோடியின் ஆட்சியில் இருக்கிறது. பிணம் அங்கே கிடந்தால் அது அந்த ஜோடிக்குச் சொந்தம். ஊர் சுற்றும் இளம் ரேவன் தனியாக வந்தால் அடி விழும். அந்த இளசுதான் கூவுகிறது. கூவலைக் கேட்டு மற்ற இளசுகள் கூடுகின்றன. கூட்டம் பெருகியதும் மூத்த ஜோடியால் விரட்டிச் சமாளிக்க முடிவதில்லை. அழைத்தவருக்குப் பங்கு குறைகிறது. ஆனால் அழைக்காவிட்டால் பங்கே இல்லை.

ரேவன் வேறு, நம் ஊர்க்காக்கை வேறு. ஆனாலும் அதைப் படித்த பிறகு, அண்டங்காக்கை கல்லில் நிற்கும்போது முருங்கையிலிருந்து ஊர்க்காக்கை கரைவதை வேறு காதால் கேட்கிறேன். ஏழெட்டு ஊர்க்காக்கைகள் கூடிவிட்டால் அண்டங்காக்கை ஒரு பெரிய கவளத்தைக் கவ்விக்கொண்டு தென்னைக்குப் போய்விடுகிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். “கூப்பிட்டு ஒத்தாசை கேக்குது. அதுவும் கூடிச் சாப்பிடறதுதானேப்பா” என்றார். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

காவல் காப்பதற்கும் செலவுண்டு என்பதை மிகத் துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டியது தேன்சிட்டு. கென்யாவில் பொன்சிறகுத் தேன்சிட்டுகள் துளசிக் குடும்பத்துப் பூச்செடிப் புதர்களைக் காவல் காப்பதைப் பற்றி ஃபிராங்க் கில்லும் லாரி உல்ஃபும் 1975-ல் எழுதினார்கள். சும்மா உட்கார்ந்திருக்க மணிக்கு 400 கலோரி. பூப்பூவாகத் தேன் குடிக்க 1,000. எதிரியைத் துரத்த 3,000. (இங்கே கலோரி என்பது சின்னக் கலோரி; பிஸ்கட் பொட்டலத்தில் அச்சிடும் கிலோகலோரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) யாரும் காக்காத பூவில் 1 மைக்ரோலிட்டர் தேன் இருந்தால், அன்றைய வயிறு நிறைய 8 மணி நேரம் உழைக்க வேண்டும். காவல் போட்டதால் பூவில் 2 மைக்ரோலிட்டர் தங்கினால் 4 மணி நேரம் போதும். மிச்சமான 4 மணி நேரம் உட்கார்ந்திருந்தால் 2,400 கலோரி லாபம். ஒரு நாளின் துரத்தலுக்கு ஆகும் கூடுதல் செலவு 700-ஐச் சற்றுத் தாண்டும். ஆகவே காவல் காக்கலாம். ஆனால் பூக்களில் தேன் ஏற்கெனவே வழிந்தால், காத்து மிச்சமாகும் நேரம் சொற்பம், காவல் வீண். காவலிருந்தாலும் தேன் தேறாது என்றாலும் வீண். இரண்டுக்கும் நடுவில்தான் சண்டைக்கு இடம். பிறவிக் குணம் என்று நாம் சொல்லும் சண்டைத்தனம், பூவிலுள்ள தேனின் அளவைப் பொறுத்து ஏறி இறங்குகிறது.

இந்தக் கணக்கைப் படித்த மறுநாள் துவைக்கிற கல்லைப் புதிதாகப் பார்த்தேன். ஒரே இடம், ஒரே குவியல், தினமும் ஒரே நேரம். ஒருவர் நின்று காவல் காக்க இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா? கொல்லைச் சண்டையில் பாதியை நான்தான் கையால் உருட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் அதே ஒரு பிடியை ஐந்தாகப் பிரித்தேன்: கல்லில் கொஞ்சம், கைப்பிடிச் சுவரில் கொஞ்சம், வாழையடியில் உதிர்த்துக் கொஞ்சம், கிணற்று மேடையில், மாட்டுத் தொட்டி விளிம்பில். அண்டங்காக்கை முதல் இரண்டு நாள் ஒவ்வொரு இடமாக ஓடி எல்லாவற்றையும் காக்கப் பார்த்தது. மூன்றாம் நாள் கல்லோடு நின்றுவிட்டது. சுவரில் மைனா தின்றது. தவிட்டுக்குருவிகள் வாழையடியில் கூடின. ஒன்று மட்டும் எப்போதும்போல உயரத்தில் உட்கார்ந்து காவல் பார்த்தது. கூச்சல் பெருமளவு அடங்கியது.

கீழே இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களைத்தான் நாம் பரிதாபமாகப் பார்க்கிறோம். ஐரோப்பாவின் பட்டாணிக்குருவிகளைக் குளிர்காலத்தில் பிடித்து எடை பார்த்தபோது, அதிகாரத்தில் இருந்தவை ஒல்லியாகவும் அடங்கிப் போகிறவை கொழுப்போடும் இருந்தன. அதிகாரம் உள்ளதற்கு எப்போது போனாலும் சாப்பாடு நிச்சயம். சேமிக்க வேண்டாம், இலேசான உடம்போடு வல்லூறிடமிருந்து விரைவாகத் தப்பலாம். அடுத்த வேளை நிச்சயமில்லாதது கிடைத்தபோது தின்று உடம்பிலேயே சுமக்கிறது. மேலே இருப்பதற்கும் ஒரு வரி உண்டு. நார்வேயில் ஓலாவ் ஹோக்ஸ்டாட் 1987-ல் காட்டியபடி, பட்டாணிக்குருவிகளின் உறவான வில்லோ சிட்டுகளில் மேல்படியில் இருப்பவை சும்மா இருக்கும்போதுகூட அதிகச் சக்தியை எரிக்கின்றன. எங்கள் கொண்டைக்குருவி, காக்கை எழுவதற்கு முன்பே மருதாணிப் புதரிலிருந்து இறங்கி முந்தின நாள் மிச்சத்தைத் தின்றுவிட்டுப் போகும். அது தோற்றதாக நான் எண்ணுவதில்லை.

ஒரே இடத்தில் தீனி வைப்பதால் வரும் கேடு கூச்சலோடு முடிவதில்லை. பிரிட்டனில் 2005 முதல் பச்சைக்குருவிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற தொண்டை நோய், எச்சில்பட்ட தீனியாலும் தண்ணீராலும் பரவியது. ஒரே தட்டில் பலவும் கூடியது அதற்கு வசதியானது. லண்டன் தோட்டங்களில் குடியேறிவிட்ட நம் பச்சைக்கிளி தட்டருகே இருந்தால், அவ்வூர்ச் சிறுகுருவிகள் தின்பதைக் குறைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கின்றன என்று 2014-ல் ஒரு ஆய்வு காட்டியது. அதனால் கல்லைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறேன். உப்புச் சேராத சோறு, அதுவும் ஒரே பிடி. கோடையில் சோற்றைவிடத் தண்ணீர்த் தொட்டிதான் முக்கியம். தண்ணீரைத் தினமும் மாற்றுகிறேன்.

போன மாசியில் கொல்லை வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் ஒரு சண்டை தொடங்கியது. செம்பருத்திச் செடியைத் தனதாக்கிக்கொண்டிருந்த ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆண், பக்கக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டது. பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு. முதலில் கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் அசைந்து கத்தியது. வழக்கமாக இந்த இடத்தில் யாராவது ஒருவர் பின்வாங்குவார். கண்ணாடிக்குள் இருந்தது பின்வாங்கவில்லை. இது சிறகு விரித்தால் அதுவும் விரித்தது. இது நெருங்கினால் அதுவும் நெருங்கியது. பிறகு பாய்ந்து அலகால் அடிக்கத் தொடங்கியது. டிக், டிக், டிக். கண்ணாடி முழுக்கச் சிறு சிறு கீறல்போல எச்சில் தடம். காலை முழுக்க அடிக்கும், மூச்சிரைக்க ஹாண்டில்பார் மேல் உட்காரும், மறுபடி எழும். துரத்துவதற்கு மணிக்கு 3,000 கலோரி என்று படித்த கணக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. செம்பருத்தியில் தேன் அப்படியே இருந்தது. குடிக்க அதற்கு நேரமில்லை. பறவைகளின் இத்தனை சமிக்ஞைகளும் எதிராளி ஏதோ ஒரு கட்டத்தில் விலகுவான் என்பதை நம்பி உருவானவை. விலகவே விலகாத, அச்சு அசலாகச் சமபலம் கொண்ட எதிரியை அதன் முன்னோர் எவரும் சந்தித்ததில்லை.

மூன்றாம் நாள் அம்மாவின் பழைய புடவைத் துண்டு ஒன்றைக் கிழித்துக் கண்ணாடி மேல் கட்டினேன். தேன்சிட்டு வந்து ஹாண்டில்பாரில் உட்கார்ந்தது. துணியைத் தலை சாய்த்துப் பார்த்தது. இரண்டு முறை கத்தியது. பதில் இல்லை. செம்பருத்திக்குப் பறந்து, பூவின் அடியில் அலகை நுழைத்து, நெடுநேரம் குடித்தது.